காய்ச்சல் விட்டபிறகு கால் தளர்ந்து போவது: இங்கே யாருக்காவது வந்திருக்கிறதா?

மாத்தூர்க்காரன்:

எல்லாருக்கும் வணக்கம். அத்தானுக்காகக் கேட்கிறேன். நாற்பத்தைந்து வயது, குலசேகரம் பக்கம் ரப்பர் தோட்டத்தில் பால்வெட்டு. மழைக்காலத்தில் காய்ச்சல் வந்தது. மூட்டுவலி, உடம்பெல்லாம் தடிப்பு. வைரஸ் காய்ச்சல் என்றார்கள். ஒரு வாரத்தில் விட்டது, மனுஷன் மறுபடி வெட்டுக்குப் போகத் தொடங்கிவிட்டார்.

இரண்டு வாரம் போயிருக்கும். விடியுமுன் தலையில் விளக்கைக் கட்டிக்கொண்டு கிளம்பியவர் அக்காவிடம், "உள்ளங்காலு மரத்துக் கெடக்கு, செருப்பு போட்டிருக்கனா இல்லியான்னே தெரியல்ல" என்றாராம். அன்றைக்கே நடுமுதுகில் வலி. மறுநாள் ரப்பர்பால் பிடிக்கிற சிரட்டையை எடுக்கக் குனிந்து உட்கார்ந்தவருக்கு எழுந்திருக்க முடியவில்லை, மரத்தைப் பிடித்துத்தான் எழுந்தார். பக்கத்து கிளினிக் ஒன்றில் சத்துக் குறைவு என்று ஒரு ஊசியைப் போட்டு அனுப்பினார்கள். அடுத்த நாள் படி ஏற முடியவில்லை, கையில் வெட்டுக்கத்தி நிற்கவில்லை. அக்கா வேறு யாரையும் கேட்காமல் 108-ஐக் கூப்பிட்டாள். பெரிய ஆஸ்பத்திரியில் முட்டியைத் தட்டிப் பார்த்த உடனே டாக்டருக்கு முகம் மாறிவிட்டது. கில்லன் பாரே என்ற நரம்பு நோய் என்று சொல்லி நேராக ஐசியூ. ஐந்து நாள் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தை ஏற்றினார்கள். வென்டிலேட்டர் வரை போகவில்லை.

இப்போது வீட்டில் வாக்கர் வைத்து நடக்கிறார். வலது பாதம் மட்டும் தொங்குகிறது, அது சரியாகுமா? காய்ச்சல் முழுதாகப் போய், ரத்தப் பரிசோதனையும் சரியாக இருந்த ஆளுக்கு அதன்பிறகு எப்படி நரம்பு கெடும்? அப்புறம், வருகிறவர்கள் எல்லாம் உழிச்சலுக்குக் கூட்டிப்போ என்கிறார்கள். போகலாமா? அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்.

தக்கலை_டெம்போ:

இது வாதம்தான் அண்ணே. ஐசியூ எல்லாம் முடிந்தாயிற்று அல்லவா, இனி நல்ல வர்ம ஆசானாகப் பார்த்து எண்ணெய் போட்டு உழிந்து சூடாக மூலிகைக் கிழி வைத்தால் ஒரு மண்டலத்தில் நடப்பார். எங்கள் பெரியப்பா கை தூக்க முடியாமல் கிடந்தவர், இப்போது தென்னையில் ஏறுகிறார். இங்கிலீஷ் மருந்துக்காரன் பணம் பிடுங்காமல் விடமாட்டான்.

இரவுப்பணி:

மாத்தூர் அண்ணே, உங்கள் அக்கா செய்தது சரியான காரியம். வென்டிலேட்டர் இல்லாமல் வெளியே வந்ததே பெரிய விஷயம். நான் மார்த்தாண்டத்துக்காரி, திருவனந்தபுரத்தில் நியூரோ ஐசியூ நர்ஸ். இந்த நோயைப் பக்கத்திலிருந்து பார்ப்பவள் என்பதால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

இதில் வைரஸ் நரம்பைத் தின்பதில்லை. கிருமியை விரட்ட உடம்பு உண்டாக்கிய எதிர்ப்பொருள் ஆளை மாற்றிப் பிடிக்கிறது. பேரும் இனிஷியலும் ஒன்றாக இருக்கிறது என்று வாரண்டைக் காட்டி அடுத்த தெருக்காரனைப் போலீஸ் தூக்கிக்கொண்டு போவதைப் போல. கிருமியின் மேல்பூச்சில் உள்ள சில மூலக்கூறுகளும் நம் நரம்பின் மேலுள்ள சில கொழுப்புச் சர்க்கரைகளும் ஒரே சாயலில் இருக்கின்றன. எதிர்ப்பொருள் திரண்டு வர ஒன்றிலிருந்து மூன்று வாரம் ஆகும். அதனால்தான் காய்ச்சல் போய், ரத்தம் சுத்தமாகி, ஆள் வேலைக்கும் போனபிறகு வருகிறது. நரம்பைச் சுற்றியுள்ள மயலின் உறை மட்டும் அரிக்கப்பட்டால் ஒரு வகை. உள்ளே இருக்கும் நரம்பிழையே அடிபட்டால் இன்னொரு வகை, அது தேற நாள் பிடிக்கும்.

இந்த நோய் வந்தவர்களில் மூன்றில் இரண்டு பேருக்கு முந்தைய சில வாரங்களில் ஏதோ ஒரு தொற்று இருந்திருக்கும். வைரஸ்தான் என்று இல்லை. முதலிடம் கேம்பிலோபாக்டர் என்ற பாக்டீரியாவுக்கு, சரியாக வேகாத கோழியிலும் அழுக்குத் தண்ணீரிலும் வருவது. 2025 ஜனவரியில் புனேயில் கூட்டம் கூட்டமாக வந்ததே, அதில் பலருடைய மலத்தில் இதுதான் இருந்தது. வைரஸ்களில் சிக்குன்குனியா, டெங்கு, ஜிகா, கோவிட் என்று வரிசையாக உண்டு. 2021 ஜூலையில் ஜிகா தெரியவந்தது பாறசாலையில். களியக்காவிளையிலிருந்து எட்டிப் பார்த்தால் தெரிகிற ஊர்.

லட்சம் பேருக்கு வருஷம் ஒருவர் அல்லது இருவர் என்பது உலகக் கணக்கு. 2011 கணக்கெடுப்பில் நம் மாவட்டத்தில் 18.7 லட்சம் பேர். அப்படியானால் நமக்கே வருஷம் இருபது முப்பது பேர் வரவேண்டும். ஊரில் யாரும் கேள்விப்படாத நோய் என்று சொல்ல முடியாது. ஆனால் தெருமுனை கிளினிக் டாக்டர் ஒருவர் பல வருஷத்துக்கு ஒரு தடவைதான் பார்ப்பார், அதனால்தான் சத்துக் குறைவு என்று போய்விடுகிறது.

இதைப் படிக்கிறவர்களுக்கு இன்னொன்று. இந்த நோயில் நாங்கள் காலைவிட மூச்சைத்தான் அதிகம் பார்ப்போம். ஐந்தில் ஒருவருக்காவது மூச்சுத் தசை தளர்ந்து வென்டிலேட்டர் தேவைப்படும். நோயாளியை ஆழமாக மூச்சிழுக்கச் சொல்லி, ஒரே மூச்சில் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணச் சொல்வோம். நல்ல உடம்புக்காரர் ஐம்பது வரைகூடப் போவார். இருபதைத் தொடாமல் மூச்சு முட்டினால் டாக்டரைக் கூப்பிடுவோம். தலையணையிலிருந்து தலையைத் தூக்க முடியாமல் போவதும் அதே எச்சரிக்கைதான். விரலில் மாட்டும் ஆக்சிஜன் கருவி 98 காட்டுகிறது என்று யாரும் நிம்மதியாக இருக்க வேண்டாம். இதில் அது கடைசி நேரம் வரை 98-தான் காட்டும்.

கருங்கல்_அம்மா:

சிஸ்டர் சொல்வது உண்மை. என் மகனுக்கு இது வந்தபோது ஒன்பது வயது. சளிக்காய்ச்சல் விட்டு ஓடிக்கொண்டிருந்த பிள்ளை, திடீரென்று ஓடும்போதெல்லாம் தட்டி விழுந்தான். ஆஸ்பத்திரியில் சேர்த்த பிறகு சுகாதாரத் துறையிலிருந்து ஆள் வந்து மலம் கேட்டார்கள். கால் நடக்காத பிள்ளைக்கு எதற்கு மலப் பரிசோதனை என்று என் வீட்டுக்காரர் சண்டைக்கே போய்விட்டார். மறுநாளும் வந்து இரண்டாவது தடவை கேட்டார்கள்!

இரவுப்பணி:

அக்கா, அது போலியோவுக்கு. பதினைந்து வயதுக்குக் கீழே எந்தப் பிள்ளைக்குத் திடீரென்று கைகால் தளர்ந்தாலும், காரணம் என்னவாக இருந்தாலும், ஆஸ்பத்திரி தகவல் கொடுக்க வேண்டும். தளர்ச்சி தொடங்கிய 14 நாளுக்குள், 24 மணி நேர இடைவெளியில் இரண்டு மாதிரி எடுப்பார்கள். போலியோ இல்லை என்று ஒவ்வொரு பிள்ளையிடமும் உறுதி செய்து செய்துதான் 2014 மார்ச்சில் இந்தியாவுக்குப் போலியோ இல்லாத நாடு என்ற சான்று வந்தது. அதை முன்கூட்டியே உங்களிடம் யாராவது பக்குவமாகச் சொல்லியிருக்க வேண்டும். பிள்ளை இப்போது எப்படி?

கருங்கல்_அம்மா:

ஃபுட்பால் விளையாடி முட்டியைத் தேய்த்துக்கொண்டு வருகிறான். மருந்துச் சீட்டைத் தேடுகிற அளவுக்கு ஒன்றுமில்லை.

ஆசான்_பேரன்:

உழிச்சல் பற்றிக் கேட்டதால் எழுதுகிறேன். திருவட்டாறு பக்கம் மூன்று தலைமுறையாக வர்ம வைத்தியம் பார்க்கிற குடும்பம் எங்களுடையது. தாத்தாவோடு திண்ணையில் இருந்து பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், டெம்போ தம்பி கோபப்பட வேண்டாம்.

தாத்தாவிடம் ஆள் வந்தால் முதல் கேள்வி, "எங்க விழுந்த?" இரண்டாவது, "காய்ச்சல் உண்டுமா, இருந்துதா?" விழவும் இல்லை, அடியும் படவில்லை, காய்ச்சலுக்குப் பிறகு காலில் தொடங்கி மேலே ஏறுகிறது என்றால் தொடமாட்டார். வண்டியைத் திருப்பு என்பார். எங்கள் தொழில் அடி, சுளுக்கு, பிசகு, தோள் பிடிப்பு இதிலெல்லாம் கெட்டி. உங்கள் பெரியப்பாவுக்கு வந்தது தோள்பட்டைப் பிடிப்பாக இருந்திருக்கும், அதற்கு உழிச்சல் நன்றாகக் கேட்கும். இது அந்த இனம் இல்லை.

இன்னொன்றும் உண்டு. இந்த நோய் நான்கு வாரத்துக்குள் உச்சத்துக்குப் போய், அங்கேயே நின்று, பிறகு தானாகவே இறங்கத் தொடங்கும் என்கிறார்கள். இறங்குகிற நேரத்தில் யார் கையில் நோயாளி இருக்கிறாரோ அவருக்குத்தான் பேர் கிடைக்கும். ஆசானுக்கும் கிடைக்கும், ஜோசியருக்கும் கிடைக்கும்.

இப்போது வீட்டில் இருக்கிற ஆளுக்கு லேசாக எண்ணெய் தடவி விடுவதில் தப்பில்லை, உடம்புக்கு இதமாக இருக்கும். அழுத்தி உழிவது, மிதித்து உழிவது, மூட்டை இழுத்து விடுவது கூடாது. கிழியும் வேண்டவே வேண்டாம். உணர்ச்சி குறைந்த காலில் சூடு தெரியாது. பாதத்தில் பொத்துப்போன கொப்புளத்தோடு வந்தவரைப் பார்த்திருக்கிறேன், வீட்டில் பாசமாக வெந்நீர் ஒத்தடம் கொடுத்ததன் பலன்.

தக்கலை_டெம்போ:

சரி ஆசானே, உங்கள் வாயால் சொன்னால் கேட்டுக்கொள்கிறேன். ஆனால் இந்த நரம்பு நோய் எல்லாம் கோவிட் ஊசிக்குப் பிறகுதான் இத்தனை வருகிறது. அதை யாரும் பேசமாட்டீர்கள்.

பழைய_சாக்பீஸ்:

பேசுவோமே தம்பி. நான் ஓய்வுபெற்ற அறிவியல் ஆசிரியன், நாகர்கோவில்.

கில்லன், பாரே, ஸ்ட்ரோல் என்ற மூன்று பிரெஞ்சு ராணுவ மருத்துவர்கள் இரண்டு சிப்பாய்களுக்கு வந்த இந்தத் தளர்ச்சியை எழுதிவைத்தது 1916-ல். முதுகுத் தண்டு நீரில் புரதம் கூடியிருக்கிறது, ஆனால் வெள்ளணுக்கள் கூடவில்லை என்று அவர்கள் கண்டதைத்தான் இன்றைக்கும் ஊசிபோட்டு நீர் எடுத்துப் பார்க்கிறார்கள். (மூன்றாமவர் பெயர் மட்டும் நோயின் பெயரில் விழுந்துவிட்டது, பாவம்.) கோவிட் ஊசிக்கு நூறு வருஷத்துக்கு முந்திய சங்கதி.

தடுப்பூசிக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று நான் சொல்லவில்லை. 1976-ல் அமெரிக்காவில் பன்றிக்காய்ச்சல் ஊசி போட்டபோது லட்சத்துக்கு ஒருவர் என்ற அளவில் கூடுதலாக வந்தது, திட்டத்தையே நிறுத்தினார்கள். கோவிட் ஊசிகளிலும் அடினோவைரஸ் வகைக்கு இந்த எச்சரிக்கை எழுதப்பட்டிருக்கிறது. மிக அரிது, ஆனால் உண்டு. ஒளிப்பதற்கு ஒன்றுமில்லை. அதே கேள்வியை மறுபக்கமும் கேட்க வேண்டும்: ஊசி போடாமல் நோய் வந்தால் நரம்புக்கு என்ன ஆகும்?

தட்டம்மையை எடுத்துக்கொள்ளுங்கள். 2017 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் தட்டம்மை-ரூபெல்லா ஊசி போட வந்தபோது வாட்ஸ்அப்பில் என்னென்ன வதந்தி சுற்றியது என்பது ஞாபகம் இருக்கும். எங்கள் பள்ளியிலும் பெற்றோர் வாசலில் வந்து நின்றார்கள். அதற்குப் பல வருஷம் முன்பு என் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். நன்றாகப் படிப்பவன், ஒரு வருஷத்தில் மதிப்பெண் சரிந்தது. கவனமில்லை, சினிமா பைத்தியம் என்றோம். அப்புறம் மதியச் சாப்பாட்டு நேரத்தில் கையிலிருந்த தட்டு சட்டென்று தெறித்து விழும். எடுத்துக் கொடுப்போம், கொஞ்ச நேரத்தில் மறுபடி தெறிக்கும். வேண்டுமென்றே எறிகிறான் என்று ஒருவர் அடித்தேவிட்டார். கடைசியில் தெரிந்தது, கைக்குழந்தையாக இருந்தபோது வந்துபோன தட்டம்மை வைரஸ் மூளைக்குள் தங்கியிருந்து இத்தனை வருஷம் கழித்து வேலையைக் காட்டியிருக்கிறது. எஸ்எஸ்பிஇ என்பார்கள். பெரும்பாலும் தட்டம்மை வந்து ஆறிலிருந்து பத்து வருஷம் கழித்து வரும், இரண்டு வயதுக்குள் அம்மை கண்ட பிள்ளைகளுக்கு ஆபத்து அதிகம். வந்தபிறகு குணப்படுத்த மருந்து இல்லை. ஒன்பதாம் மாதத்தில் ஒன்று, ஒன்றரை வயதை ஒட்டி இன்னொன்று, இந்த இரண்டு ஊசிதான் அதற்குத் தடுப்பு.

அந்தப் பையனைப் பற்றி இதற்கு மேல் எழுத விருப்பமில்லை.

தக்கலை_டெம்போ:

சார், என் சின்னவளுக்கு இரண்டாவது ஊசி போடவில்லை. வயது மூன்று ஆகிறது. இனிப் போடலாமா?

இரவுப்பணி:

போடலாம். ஐந்து வயது வரை விட்டுப்போனதைப் போட்டுக்கொள்ள வழி உண்டு. ஊசி அட்டையை எடுத்துக்கொண்டு ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போங்கள், இந்த வாரமே.

கடப்புறத்து_மருமகள்:

நரம்பு என்றதும் எல்லாரும் கால், கை என்றே பேசுகிறீர்கள். மூக்கும் நரம்புதானே? குளச்சலில் என் மாமியார் மீன் விற்பவர். கோவிட் வந்து போனபிறகு வாசனை தெரியவில்லை. கொஞ்சமாகத் திரும்பியபோது கோளாறாகத் திரும்பியது. காப்பி பெட்ரோல் மாதிரி, வெங்காயம் வதக்கினால் அழுகல் மாதிரி. மீன் மட்டும் என்ன மணம் என்றே பிடிபடவில்லை. சாளையை மூக்குக்கிட்டே கொண்டுபோய் ஒரு நொடியில் நேற்றையதா இன்றையதா என்று சொல்கிறவர், செவுளைத் திறந்து நிறம் பார்ப்பதும், கண் குழிந்திருக்கிறதா என்று பார்ப்பதும், வயிற்றை விரலால் அமுக்கிப் பார்ப்பதுமாகத் தடுமாறினார். ஏலத்தில் நின்று அதையெல்லாம் செய்ய நேரம் ஏது? டாக்டரிடம் போனால், உயிரோடு இருக்கிறீர்களே அம்மா என்று சிரித்தார். எனக்கு இன்றைக்கும் ஆத்திரம்.

வேறொரு காது-மூக்கு டாக்டர்தான் பயிற்சி சொல்லிக்கொடுத்தார். ரோஜா, எலுமிச்சை, கிராம்பு, யூகலிப்டஸ் என நான்கு வாசனை. காலையும் மாலையும் ஒவ்வொன்றையும் சில நொடி முகர்ந்து, அதன் மணம் எப்படி இருந்தது என்று நினைத்துப் பார்க்க வேண்டும். மாதக்கணக்கில். செலவே இல்லாத வைத்தியம். கிராம்புக்கு நமக்கென்ன பஞ்சம், புவிசார் குறியீடு வாங்கிய சரக்கு நம் மாவட்டத்து மலையிலேயே காய்க்கிறது. முக்கால்வாசி திரும்பிவிட்டது, ஆனால் அயிலையின் மணம் மட்டும் இன்னும் பழையபடி இல்லை என்கிறார்.

பறக்கை_பாட்டா:

எனக்கு எழுபது கழிந்தது. அக்கி வந்து நெஞ்சின் ஒருபக்கம் முழுக்கக் கொப்புளம். குயவர் வீட்டில் காவியால் அக்கி எழுதினோம், காய்ந்து உதிர்ந்தது. ஆனால் வலி போகவில்லை. சட்டைத் துணி பட்டால் தீயை வைத்தது போல இருக்கிறது. ஃபேன் காற்றுகூட ஆகாது. டாக்டர் எழுதிய மாத்திரையைக் கடையில் கேட்டால் அது மனநோய்க்கு உள்ளது என்கிறான். எனக்கென்ன பைத்தியமா?

இரவுப்பணி:

இல்லை பாட்டா. அது அமிட்ரிப்டிலினாக இருக்கும். மனச்சோர்வுக்கும் கொடுப்பார்கள், நரம்பு வலிக்குக் குறைந்த அளவில் கொடுப்பார்கள். வயதானவர்களுக்கு வாய் உலரும், எழுந்தால் தலை சுற்றும், சிறுநீர் தடைபடலாம். அப்படி இருந்தால் டாக்டரிடம் சொல்லுங்கள், காபாபென்டின் மாதிரி வேறு மாத்திரையும் உண்டு. நீங்களாக நிறுத்த வேண்டாம்.

சின்ன வயதில் வந்த சின்னம்மை வைரஸ் நரம்பு வேரில் படுத்திருந்து வயதான பிறகு எழுவதுதான் அக்கி. தோலில் தெரிவது கொஞ்சம், அடிபடுவது நரம்பு. கொப்புளம் தெரிந்த மூன்று நாளுக்குள் வைரஸை அடக்கும் மாத்திரை தொடங்கினால் கொப்புளமும் வலியும் சீக்கிரம் அடங்கும். காவி பூசுவதை நான் குறை சொல்லவில்லை, அதைப் பூசியதோடு அந்த மூன்று நாளை விட்டுவிடுவதுதான் வருத்தம். கண்ணுக்குப் பக்கத்திலோ மூக்கு நுனியிலோ வந்தால் அன்றைக்கே கண் டாக்டரைப் பார்க்க வேண்டும். ஐம்பது வயதுக்கு மேல் தடுப்பூசியும் இருக்கிறது, இரண்டு ஊசி. விலைதான் கடிக்கும்.

சுங்கான்கடை_ஷாலினி:

எனக்கு ஜலதோஷத்துக்குப் பிறகு பாதி முகம் கோணியது. அதுவும் இந்த வகையா? பயமாக இருக்கிறது.

இரவுப்பணி:

எப்போது வந்தது? கை, கால், பேச்சு சரியாக இருக்கிறதா? நெற்றியைச் சுருக்கிப் பாருங்கள். கோணிய பக்கம் நெற்றியும் சேர்ந்து சுருங்கவில்லை என்றால் பெரும்பாலும் முகநரம்பு வீக்கம். நெற்றி சுருங்கி, வாய் மட்டும் கோணினால் பக்கவாதமாக இருக்கலாம். எதுவாக இருந்தாலும் கண்ணாடி முன் நின்று நீங்களே முடிவு செய்யாமல் இன்றைக்கே போங்கள். முகநரம்பு என்றால் ஸ்டீராய்டு மூன்று நாளுக்குள் தொடங்குவது நல்லது. கண் மூடாவிட்டால் சொட்டு மருந்து விட்டு, தூங்கும்போது டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். காதில் கொப்புளம் இருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன். வைரஸுக்குப் பின் நரம்பு என்று எல்லாவற்றையும் ஒரே மூட்டையில் கட்டிவிட முடியாது. முகநரம்புக்கு ஸ்டீராய்டு கேட்கும். காய்ச்சலுக்குப் பிறகு பிள்ளைகளுக்கு மூளையிலேயே வீக்கம் வந்து மயக்கம், குழப்பம், வலிப்பு என்று வருமே, அந்த ஏடிஇஎம் நோய்க்கும் அதிக அளவு ஸ்டீராய்டுதான் முதல் மருந்து. கில்லன் பாரேக்கோ ஸ்டீராய்டால் பயன் இல்லை. அதற்கு இம்யூனோகுளோபுலின் அல்லது பிளாஸ்மா மாற்றம், இரண்டில் ஒன்று போதும், இரண்டும் சமம். அதனால் பக்கத்து வீட்டுக்காரருக்குக் கேட்ட மருந்து என்று யாரும் வாங்கித் தின்னாதீர்கள்.

மட்டுறுத்துநர்:

மருந்தின் அளவு கேட்டு வந்த இரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். ஷாலினி, டாக்டரைப் பார்த்துவிட்டு ஒரு வரி எழுதுங்கள்.

மாத்தூர்க்காரன்:

எல்லாருக்கும் நன்றி. இந்த இம்யூனோகுளோபுலின் விலையைப் பார்த்துத்தான் எங்கள் வீட்டில் எல்லாருக்கும் வெப்ராளம். அதில் அப்படி என்னதான் இருக்கிறது?

பழைய_சாக்பீஸ்:

ஆயிரக்கணக்கான பேர் தானம் செய்த ரத்தத்தின் பிளாஸ்மாவைச் சேர்த்து, அதிலிருந்து பிரித்தெடுக்கும் எதிர்ப்பொருள் தம்பி. தொழிற்சாலையில் செய்துவிட முடியாது, மனித ரத்தத்திலிருந்துதான் வரவேண்டும். கிலோவுக்கு 2 கிராம், ஐந்து நாளில் பிரித்து ஏற்றுவது வழக்கம். 60 கிலோ ஆளுக்கு 120 கிராம். 5 கிராம் குப்பி என்றால் 24 குப்பி. விலை லட்சங்களில் நிற்பது அதனால்தான். முதலமைச்சர் காப்பீட்டு அட்டை இருந்தால் சேர்த்த அன்றைக்கே மேஜையில் காட்டி, எது கிடைக்கும் எது கிடைக்காது என்று கேட்டுவிட வேண்டும். குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் என்பது அதன் வரம்பு. அட்டையை வீட்டுப் பீரோவில் வைத்துவிட்டு, நகையை அடகுக்கடையில் வைக்கிறவர்களை நான் பார்த்திருக்கிறேன்.

வடசேரி_பிசியோ:

தாமதமாக வந்துவிட்டேன். மாத்தூர் அண்ணனின் முக்கியக் கேள்விக்கு, அதாவது தொங்குகிற பாதத்துக்கு, இன்னும் யாரும் பதில் சொல்லவில்லை.

தளர்ச்சி காலில் தொடங்கி மேலே போகும், திரும்பும்போது மேலிருந்து கீழே வரும். இடுப்பு, தொடை முதலில், பாதம் கடைசியில். மயலின் உறை மட்டும் போயிருந்தால் சில வாரம், சில மாதத்தில் உறை மறுபடி வளர்ந்துவிடும். நரம்பிழை அறுந்திருந்தால் அது நாளுக்கு ஒரு மில்லிமீட்டர் வேகத்தில்தான் முளைத்து இறங்கும். முதுகிலிருந்து பாதம் வரை எத்தனை மில்லிமீட்டர் என்று நீங்களே கணக்குப் போடுங்கள். ஆறு மாதத்தில் ஐந்தில் நான்கு பேர் யார் துணையுமின்றி நடந்துவிடுகிறார்கள், ஆனால் முன்னேற்றம் அதோடு நிற்பதில்லை, இரண்டு மூன்று வருஷம் வரைகூடத் தொடரும். அத்தானின் நரம்புக் கடத்தல் சோதனைத் தாளை எடுத்துக்கொண்டு போய் எந்த வகை என்று டாக்டரிடம் கேளுங்கள்.

அதுவரை பாதத்தைச் சும்மா தொங்கவிடக் கூடாது. குதிகால் தசைநாண் சுருங்கிவிட்டால், பிறகு நரம்பு உயிர்த்து வந்தாலும் பாதம் மடங்காது. கணுக்காலைத் தாங்கும் ஏஎஃப்ஓ பட்டை ஒன்றை அளவெடுத்துச் செய்து, செருப்புக்குப் பதில் ஷூவுக்குள் போட வேண்டும். தினமும் துண்டை உள்ளங்காலில் மாட்டித் தன்பக்கம் இழுத்துப் பிடிக்கச் சொல்லுங்கள். ராத்திரி பாதத்தைக் கையால் தடவி, கண்ணால் பார்த்துப் புண் இருக்கிறதா என்று கவனிக்க வேண்டும்.

அப்புறம் இந்தச் சோர்வு. நம் ஊர் ஆண்களிடம் இதைச் சொல்லிப் புரியவைப்பதுதான் எனக்குப் பெரிய பாடு. நடக்க முடிகிறது, கை பிடிக்கிறது, ஆனால் பத்து மணிக்கே ஆள் சுருண்டு படுத்துவிடுவார். வீட்டில் சோம்பேறி என்று பேர் விழும். நோய் வந்தவர்களில் பாதிக்கு மேல் இந்தச் சோர்வு மாதக்கணக்கில், சிலருக்கு வருஷக்கணக்கில் தங்குகிறது. அதை விரட்ட அதிகமாக உடற்பயிற்சி செய்தால் மறுநாள் இன்னும் மோசமாகும். செய்த பயிற்சியின் அலுப்பு மறுநாள் காலைக்குள் தீர்ந்துவிட வேண்டும், தீரவில்லை என்றால் அளவு கூடிவிட்டது என்று அர்த்தம். அக்காவிடம் இதைக் கட்டாயம் சொல்லுங்கள்.

மாத்தூர்க்காரன்:

அக்கா இப்போதே படித்துவிட்டாள். "இத மொதல்லயே சொல்லப்படாதா, நேத்துதான் ஏசினேன்" என்கிறாள்.

இனி வெட்டுக்கு எப்போது போகலாம்? அவருக்கு அதுதான் கவலை. சரிவில் உள்ள தோட்டம், இருட்டில் ஏற வேண்டும். ஒரு மரத்துக்கும் அடுத்த மரத்துக்கும் நடுவில் ஓட்டநடைதான். அப்புறம் மறுபடியும் இது வருமா?

இரவுப்பணி:

மறுபடி வருவது அரிது, நூற்றில் இரண்டிலிருந்து ஐந்து பேருக்குத்தான். ஆனால் பழைய மரப்பு, தளர்ச்சி திரும்பி ஏறினால் அக்கா போன தடவை செய்ததையே செய்யட்டும்.

ஆசான்_பேரன்:

தோட்டத்தைப் பற்றி ஒரு வார்த்தை. அந்தக் காய்ச்சலே அங்கிருந்துதான் வந்திருக்கும். மழையில் வெட்டு நின்றால் சிரட்டை எல்லாம் நிமிர்ந்தபடி தண்ணீர் பிடித்துக் கிடக்கும். ஏடிஸ் ஆல்போபிக்டஸ் கொசுவுக்கு அதைவிட வசதியான வீடு கிடையாது. பகலில் கடிக்கிற கொசு, வெட்டுக்காரன்தான் அதற்கு முதல் ஆள். 2006 சிக்குன்குனியாவில் மூட்டைப் பிடித்துக்கொண்டு நடந்தவர்களை மறந்திருக்க மாட்டீர்கள். வெட்டு இல்லாத நாளில் சிரட்டையைக் கவிழ்த்துவிடச் சொல்லுங்கள். முதலாளி கூலி தரமாட்டேன் என்பார், கேட்டுத்தான் பார்க்க வேண்டும்.

வடசேரி_பிசியோ:

சரிவும் இருட்டும் இப்போதைக்கு வேண்டாம் அண்ணே. பாதம் எங்கே ஊன்றுகிறது என்று கால் சொல்லாதபோது கண்தான் சொல்ல வேண்டும், இருட்டில் அதுவும் இல்லை. கையில் கத்தி வேறு. முதலில் பகலில், சமதளத்தில், ஷீட் அடிக்கிற இடத்திலோ ஒட்டுப்பால் பிரிக்கிற இடத்திலோ உட்கார்ந்து செய்யும் வேலை கிடைக்குமா என்று முதலாளியிடம் கேளுங்கள், அரை நாள் போதும். கையின் பிடி எவ்வளவு என்று பார்க்க வீட்டிலேயே கத்தியைக் கொடுத்து ஒரு பட்டுப்போன கிளையில் கோடு இழுக்கச் சொல்லுங்கள். பட்டை எவ்வளவு ஆழத்தில் போகிறது என்று அவருக்கே தெரியும், நம்மைவிட நன்றாகத் தெரியும்.

மாத்தூர்க்காரன்:

கிளை வெட்டி வைத்தாயிற்று. நாளைக்குப் பார்க்கிறோம். அந்த ஏஎஃப்ஓ பட்டை எங்கே செய்வார்கள்?

வடசேரி_பிசியோ:

பெரிய ஆஸ்பத்திரியில் உடலியக்க மருத்துவப் பிரிவில் கேளுங்கள், அளவெடுக்க அவரையும் கூட்டிப்போக வேண்டும். கடையில் ரெடிமேடாக விற்பதை வாங்காதீர்கள், உணர்ச்சி இல்லாத காலில் அது தேய்த்துப் புண்ணாக்கிவிடும்.

சுங்கான்கடை_ஷாலினி:

போய்விட்டு வந்தேன். முகநரம்புதான், மாத்திரை தொடங்கியாயிற்று. டேப் எந்த மாதிரி ஒட்ட வேண்டும் சிஸ்டர், இமை முடியெல்லாம் சேர்ந்து வருகிறதே?

இரவுப்பணி:

காகித டேப் வாங்குங்கள். கண்ணில் களிம்பு போட்டு, இமையை விரலால் மூடிவிட்டு, முடியில் படாமல் மேல் இமையில் குறுக்காக ஒட்டுங்கள்.